எந்திரத்தின் தப்பைப் பிடிக்க வழி சொன்ன மேதை!

பாஞ்சாலங்குறிச்சி என்றதும் வீரபாண்டிய கட்டபொம்மன் நினைவுக்கு வருவார். அந்த வீர மண்ணுக்குக் கிழக்கே இருப்பது தூத்துக்குடிக் கடல். அது முத்து விளைந்த கடல்.

முத்துக்குளிப்பு நடந்த அந்தக் காலத்தில், நினைத்தபோதெல்லாம் கடலில் முத்துக்குளிக்க விடமாட்டார்கள். முதலில் சோதனை நடக்கும். சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் திட்டுக்குப் "பார்" என்று பெயர். பாரில் இருந்து சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து வருவார்கள். அவற்றை அழுகவிட்டு, கழுவி, உள்ளே இருக்கும் முத்துகளுக்கு மதிப்புப் போடுவார்கள். மதிப்பு தேறினால்தான் முத்துக்குளிப்புக்கு நாள் குறிப்பார்கள்.

எடுத்த முத்துக்கும் சோதனை உண்டு. பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருக்கும். முதல் சல்லடையில் 20 துளைகள். கடைசிச் சல்லடையில் 1,000 துளைகள். பெரிய முத்து மேலே நின்றுவிடும். சிறியது கீழே இறங்கும். மனிதனின் கண் ஏமாறலாம். சல்லடை ஏமாறாது!

கம்ப்யூட்டருக்கு எழுதும் கட்டளைகளையும் இப்படிச் சலித்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பாங்குக் கணக்கு தப்பாகும். ராக்கெட் வெடிக்கும். கட்டளைகளை எப்படிச் சரிபார்ப்பது என்று ஆரம்ப நாளிலேயே வழி சொன்னவர்களில் ஒருவர், ஆலன் டூரிங்.

அவர் இங்கிலாந்துக்காரர். ஆனாலும் அவருக்கும் தமிழ்நாட்டுக்கும் ரத்த உறவு போன்ற ஒரு தொடர்பு உண்டு!

போத்தனூரில் பிறந்த தாய்

டூரிங்கின் தாய் பெயர் எத்தல் சாரா ஸ்டோனி. அவர் 1881-ம் ஆண்டு, கோவைக்குப் பக்கத்தில் உள்ள போத்தனூரில் பிறந்தார். அவருடைய தகப்பனார் எட்வர்டு ஸ்டோனி, சென்னை ராஜதானி ரெயில்வேயில் தலைமை என்ஜினீயர். துங்கபத்திரா ஆற்றுப் பாலத்தைக் கட்டியவர். மின்விசிறி இல்லாத அந்தக் காலத்தில், சத்தம் போடாத பங்கா சக்கரம் ஒன்றைக் கண்டுபிடித்து உரிமையும் பெற்றவர்.

தந்தை ஜூலியஸ் டூரிங், ஐ.சி.எஸ். அதிகாரி. அவரும் சென்னை ராஜதானியில்தான் உத்தியோகம் பார்த்தார். இருவரும் 1907-ல் இந்தியாவில் இருந்து போகும்போது கப்பலில் சந்தித்தார்கள். அதே ஆண்டு திருமணம் நடந்தது. மூத்த பிள்ளை ஜான், 1908-ல் நீலகிரி குன்னூரில் பிறந்தான்.

இளைய பிள்ளைதான் ஆலன். அவனைக் கருவுற்றபோது தாய் சத்ரபூரில் இருந்தார். இப்போது ஒடிசாவில் இருக்கும் அந்த ஊர், அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. பிரசவத்துக்கு லண்டன் போனார். 1912-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி ஆலன் பிறந்தான்.

பெற்றோரைப் பிரிந்த குழந்தை

நம் ஊர் வெயில் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று பெற்றோர் அஞ்சினார்கள். ஆகவே இரண்டு பிள்ளைகளையும் இங்கிலாந்தில் ஒரு ராணுவ அதிகாரியின் குடும்பத்தில் ஒப்படைத்தார்கள். தாய் கப்பல் ஏறியபோது ஆலனுக்கு வயது ஒன்றேகால்!

பிறகு தாய் வருவார், போவார். தந்தை விடுமுறையில் வருவார். தாய் தந்தையர் சென்னை ராஜதானியில், பிள்ளைகள் கடலுக்கு அப்பால். ஆலனின் குழந்தைப் பருவம் இப்படியே கழிந்தது. அவன் ஒருநாளும் இந்திய மண்ணை மிதித்ததில்லை.

ஆலன் மற்றப் பிள்ளைகளைப் போல இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒரு பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, மூன்றே வாரத்தில் தானாக வாசிக்கக் கற்றுக்கொண்டான். எண்கள் என்றால் உயிர். தெருவில் போனால் ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் நின்று, அதன் எண்ணைப் பார்ப்பான். ஆனால் எது இடது கை, எது வலது கை என்பதில் மட்டும் குழப்பம்! அதற்கும் அவனே வழி கண்டான். இடது கைக் கட்டைவிரலில் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டான்.

13-வது வயதில் ஷெர்போர்ன் என்ற ஊரில் உள்ள பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பள்ளி திறக்கும் நாளில் இங்கிலாந்து முழுவதும் வேலைநிறுத்தம். ரெயில் ஓடவில்லை. வேறு பிள்ளையாக இருந்தால் வீட்டில் இருந்திருப்பான். ஆலன் சைக்கிளை எடுத்தான். சுமார் 60 மைல் மிதித்தான். வழியில் ஓர் இரவு விடுதியில் தங்கி, பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான்!

அங்கே அவனுக்கு ஓர் உயிர் நண்பன் கிடைத்தான். பெயர் கிறிஸ்டோபர் மார்கம். இருவரும் சேர்ந்து கணக்குப் போடுவார்கள். நட்சத்திரம் பார்ப்பார்கள். 1930-ம் ஆண்டு பிப்ரவரியில் மார்கம் காசநோயால் இறந்துபோனான். ஆலன் உடைந்துபோனான். நண்பன் செய்ய நினைத்ததை எல்லாம் தான் செய்து முடிக்க வேண்டும் என்று வைராக்கியம் கொண்டான்.

காகிதத்தில் பிறந்த எந்திரம்

1931-ல் டூரிங் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 22-வது வயதிலேயே அங்கே ஆராய்ச்சியாளர் பதவி பெற்றார்.

1936-ம் ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஓர் எந்திரத்தைக் கற்பனை செய்தார். முடிவில்லாத ஒரு நாடா. அதில் கட்டம் கட்டமாகக் கோடுகள். எந்திரம் ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தைப் பார்க்கும். எழுதும் அல்லது அழிக்கும். இடமோ வலமோ ஒரு கட்டம் நகரும். அவ்வளவுதான்!

இந்தச் சின்ன வேலைகளைச் சரியாக அடுக்கினால், விதிப்படி போடக்கூடிய எந்தக் கணக்கையும் போடலாம் என்றார் டூரிங். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு எந்திரம் வேண்டாம். கட்டளைகளை மாற்றினால் போதும், ஒரே எந்திரம் எல்லா வேலையும் செய்யும் என்றும் காட்டினார். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் செல்போன், அந்தக் காகித எந்திரத்தின் வாரிசுதான்.

அதே கட்டுரையில் இன்னொரு உண்மையும் இருந்தது. எந்திரத்துக்குக் கொடுக்கும் கட்டளைகளுக்குப் "புரோகிராம்" என்று பெயர். ஒரு புரோகிராம் ஒழுங்காக நடக்குமா, அல்லது செக்குமாடு போல ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்குமா? எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் தவறாமல் இதற்குப் பதில் சொல்லும் ஒரு பொது வழி உண்டா?

இல்லை! அப்படி ஒரு வழி இருக்கவே முடியாது. அதைக் கணித முறையில் நிரூபித்தார் டூரிங். எல்லாத் தப்பையும் பிடிக்கும் மந்திரக்கோல் உலகத்தில் கிடையாது என்பது, கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது!

யுத்தத்தில் ஒரு சல்லடை

1939 செப்டம்பரில் இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. சில நாளிலேயே டூரிங் பிளெட்ச்லி பார்க் என்ற ரகசிய இடத்துக்குப் போனார்.

ஜெர்மானியர்கள் "எனிக்மா" என்ற எந்திரத்தால் ரகசியச் செய்தி அனுப்பினார்கள். பார்ப்பதற்கு டைப்ரைட்டர் போல இருக்கும். உள்ளே சுழலும் சக்கரங்கள். ஐந்து சக்கரங்களில் மூன்றை எடுத்து வரிசையாகப் பொருத்த 60 வழிகள். மூன்று சக்கரங்களும் நிற்கக்கூடிய நிலைகள் 17,576. இரண்டையும் பெருக்கினால் பத்து லட்சத்துக்கு மேல் வரும். அதற்கு மேலும் முன்பக்கத்தில் கம்பி மாற்றும் பலகை ஒன்று உண்டு. இவ்வளவும் தினமும் மாறும்! மனிதர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து முடியுமா?

போலந்து நாட்டுக் கணித நிபுணர்கள் முதலில் ஒரு வழி கண்டிருந்தார்கள். டூரிங் அதில் இருந்து புது வழி கண்டார். அவர் வடிவமைத்த எந்திரத்துக்குப் "பாம்" என்று பெயர். அவருடைய தோழர் கார்டன் வெல்ச்மன் அதை மேலும் சிறப்பாக்கினார். 1940-ல் முதல் எந்திரம் வேலை செய்யத் தொடங்கியது.

அது வேலை செய்த விதம் சுவையானது. ரகசியச் செய்தியில் இன்ன சொல் இருக்கும் என்று முதலில் ஊகிப்பார்கள். உதாரணமாக, வானிலை அறிக்கை என்றால் வானிலை என்ற சொல் இருக்கத்தானே வேண்டும்? அந்த ஊகத்தை எந்திரத்தில் கொடுப்பார்கள். எந்திரம் ஒவ்வொரு நிலையாக வைத்துப் பார்க்கும். ஊகத்துக்கு முரண்பட்டால் தள்ளிவிடும். முரண்படாத நிலை வந்தால் நின்றுவிடும். அதை மட்டும் மனிதர்கள் எடுத்துப் பார்ப்பார்கள்.

முத்துச் சல்லடை போலத்தான்! தப்பானதை எல்லாம் எந்திரம் சலித்துத் தள்ளியது. யுத்தம் முடிவதற்குள் இப்படி 200-க்கு மேற்பட்ட எந்திரங்கள் ஓடின. அவற்றை இயக்கியவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள்.

இங்கிலாந்துக்கு உணவும் எண்ணெயும் கப்பலில் வரவேண்டும். அந்தக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. அந்த நீர்மூழ்கிகளின் ரகசியத்தை உடைக்கும் பிரிவுக்கு டூரிங் தலைமை தாங்கினார். பல கப்பல்கள் தப்பின. பல மாலுமிகள் வீடு திரும்பினார்கள்.

இவ்வளவு பெரிய மேதை வாழ்ந்த விதமோ வேடிக்கை! தேநீர்க் கோப்பையை யாரும் எடுத்துவிடக் கூடாது என்று சங்கிலியால் பூட்டி வைப்பார். மகரந்தத் தூளால் தும்மல் வரும் என்று, விஷவாயு முகமூடியை மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டுவார். அந்தச் சைக்கிளின் சங்கிலி அடிக்கடி கழன்றது. டூரிங் கடைக்குப் போகவில்லை. எத்தனை சுற்றுக்கு ஒருமுறை கழலுகிறது என்று எண்ணினார். அந்த எண் வருவதற்குச் சற்று முன்பு இறங்கி, சங்கிலியைச் சரிசெய்துகொண்டு போனார்!

மளிகைக் கணக்கும் கம்ப்யூட்டரும்

யுத்தம் முடிந்தது. 1948-ல் டூரிங் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்த ஆண்டுதான் அங்கே, கட்டளைகளைத் தன் நினைவிலேயே வைத்து நடக்கும் முதல் கம்ப்யூட்டர் ஓடியது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜிலும் ஒன்று ஓடியது.

எந்திரம் வந்ததும் ஒரு புதுத் தொல்லையும் வந்தது. எந்திரம் சொன்னதைச் செய்தது. ஆனால் சொன்னதே தப்பாக இருந்தது! கேம்பிரிட்ஜ் கம்ப்யூட்டரைக் கட்டியவர் மாரிஸ் வில்க்ஸ். ஒருநாள் மாடிப்படி ஏறும்போது அவருக்கு ஓர் உண்மை உறைத்தது. தன் மீதி வாழ்நாளில் பெரும்பகுதி, தான் எழுதும் கட்டளைகளில் தப்புக் கண்டுபிடிப்பதிலேயே போய்விடும் என்று அவர் உணர்ந்தார்.

1949-ம் ஆண்டு ஜூன் மாதம் கேம்பிரிட்ஜில் ஒரு மாநாடு நடந்தது. 24-ந் தேதி டூரிங் பேசினார். நீளமான புரோகிராம் ஒன்று சரியா என்று எப்படிப் பார்ப்பது என்பதே பேச்சு. அச்சில் மூன்று பக்கம்தான். ஆனால் விஷயம் பெரிது.

அவர் சாதாரணக் கூட்டல் கணக்கை உதாரணம் காட்டினார். அதை நம் மளிகைக் கடைச் சீட்டில் பார்க்கலாம்.

அரிசி 478 ரூபாய். பருப்பு 356 ரூபாய். எண்ணெய் 289 ரூபாய். மொத்தம் 1,123 என்று கடைக்காரர் எழுதுகிறார். சரியா என்று பார்க்க, முழுக் கணக்கையும் மறுபடி போட வேண்டும்.

ஆனால் அவர் ஒவ்வொரு வரிசைக்கும் மேலே, அடுத்த வரிசைக்குக் கொண்டுபோன எண்ணையும் எழுதி வைத்தால்? ஒன்றாம் வரிசை: 8-ம் 6-ம் 9-ம் 23. 3 போட்டு, 2 மேலே. பத்தாம் வரிசை: 7-ம் 5-ம் 8-ம், மேலே இருக்கும் 2-ம் சேர்த்து 22. 2 போட்டு, 2 மேலே. நூறாம் வரிசை: 4-ம் 3-ம் 2-ம், மேலே 2-ம் சேர்த்து 11.

இப்போது மூன்று வரிசையையும் மூன்று பிள்ளைகளிடம் கொடுக்கலாம். ஒவ்வொருவரும் தன் வரிசையை மட்டும் பார்த்தால் போதும். மூன்றும் சரி என்றால் மொத்தமும் சரி!

புரோகிராமையும் அப்படியே செய்யுங்கள் என்றார் டூரிங். அதைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். இந்த இடத்துக்கு வரும்போது இந்த எண் இவ்வளவு இருக்க வேண்டும் என்று, எழுதியவரே ஒவ்வொரு துண்டுக்கும் உறுதி எழுதி வைக்க வேண்டும். சரிபார்ப்பவர் ஒவ்வோர் உறுதியையும் தனித்தனியே பார்க்கலாம். எந்திரம் சுற்றிக்கொண்டே இருக்காமல் முடியும் என்பதற்கும் தனியாக உறுதி வேண்டும்.

எல்லாவற்றுக்கும் பொதுவான மந்திரக்கோல் இல்லை என்று 1936-ல் நிரூபித்தவர் அவர்தான். அதற்காக மனிதன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை என்று 1949-ல் காட்டியவரும் அவர்தான்! எழுதுகிறவன் நேர்மையோடு தன் வேலையைப் பகுத்து வைத்தால், தப்பைப் பிடிக்கலாம்.

அந்தப் பேச்சை உலகம் பல ஆண்டுகள் மறந்துவிட்டது. 1960-களில் வேறு நிபுணர்கள் அதே வழியைப் புதிதாகக் கண்டுபிடித்தார்கள்.

நாடு கொடுத்த பரிசு!

1952-ல் டூரிங்கின் வீட்டில் திருட்டு நடந்தது. அவரே போலீசில் புகார் கொடுத்தார். விசாரணையில் அவருக்கு ஓர் இளைஞரோடு உறவு இருந்தது தெரிந்தது. ஆணும் ஆணும் உறவு கொள்வது அப்போது இங்கிலாந்தில் குற்றம். திருடனைப் பிடிக்கச் சொன்னவரே குற்றவாளிக் கூண்டில் ஏறினார்!

சிறைக்குப் போகிறாயா, மருந்து ஏற்றிக்கொள்கிறாயா என்று கோர்ட்டு இரண்டு வழி காட்டியது. அவர் மருந்தை ஏற்றார். ஓராண்டு அவர் உடம்பில் ஹார்மோன் மருந்தைச் செலுத்தினார்கள். அரசாங்க ரகசிய வேலையும் பறிபோனது. நாட்டைக் காத்ததைச் சொல்லித் தப்பிக்க வழி இல்லை. யுத்த வேலை ரகசியம் ஆயிற்றே!

1954-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி டூரிங் இறந்தார். சயனைடு விஷம் உடம்பில் இருந்தது. வயது 41. தற்கொலை என்று விசாரணையில் முடிவு செய்தார்கள். கட்டில் பக்கத்தில் பாதி தின்ற ஆப்பிள் கிடந்தது. அதில் விஷம் இருந்ததா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சோதனையைப் பற்றி உலகுக்குச் சொன்னவரின் சாவில், அந்தச் சிறு சோதனைகூட நடக்கவில்லை!

அது தற்கொலை அல்ல, ரசாயன சோதனை செய்தபோது நேர்ந்த விபத்து என்று தாய் எத்தல் கடைசிவரை நம்பினார். 1959-ல் மகனின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். போத்தனூரில் பிறந்த அந்தத் தாய், மகனுக்குப் பிறகு சுமார் 22 ஆண்டுகள் வாழ்ந்து 1976-ல் மறைந்தார்.

எந்திரத்தை எந்திரமே சோதித்தது

டூரிங் சொன்னது மனிதர் காகிதத்தில் சரிபார்க்கும் வழி. பின்னால் வந்தவர்கள் அந்த வேலையை எந்திரத்திடமே கொடுத்தார்கள்.

1967-ல் நார்வே நாட்டில் டால், நைகார்ட் என்ற இருவர் "சிமுலா" என்ற கம்ப்யூட்டர் மொழியைப் புதிய வடிவில் கொண்டுவந்தார்கள். அதில் புரோகிராம் ஒரே நீளக் கயிறாக இராது. தனித்தனிப் பெட்டிகளாக இருக்கும். அந்தப் பெட்டிக்கு "ஆப்ஜெக்ட்" என்று பெயர். பாங்குக் கணக்கு என்பது ஒரு பெட்டி. இருப்புத் தொகையும் உள்ளே. பணம் போடுவது, எடுப்பது என்ற வேலைகளும் உள்ளே. வெளியில் இருந்து யாரும் இருப்பில் நேராகக் கைவைக்க முடியாதபடி பூட்டி வைக்கும் வசதியும் பின்னால் வந்தது.

பெட்டிகளுக்குள் குடும்ப உறவும் உண்டு! கணக்கு என்பது தாய். சேமிப்புக் கணக்கும் நடப்புக் கணக்கும் பிள்ளைகள். தாய்க்குத் தெரிந்த வேலை பிள்ளைக்குத் தானாக வரும். இதில் லாபமும் உண்டு, ஆபத்தும் உண்டு. தாயிடம் ஒரு தப்பு நுழைந்தால் பிள்ளைகள் அத்தனை பேரிடமும் அது போய்விடும். ஆகவே ஒரு பெட்டியை மாற்றினால் எல்லாப் பெட்டிகளையும் திரும்பச் சோதிக்க வேண்டும். மனிதர் செய்தால் அலுத்துவிடும். அலுத்தால் விட்டுவிடுவார்.

இதற்கு 1994-ல் கென்ட் பெக் என்ற அமெரிக்கர் ஒரு வழி செய்தார். சோதனையையே ஒரு புரோகிராமாக எழுதுவது! 100 ரூபாய் போடு, 40 ரூபாய் எடு, மீதி 60 இருக்கிறதா பார். இன்னும் 100 எடுக்கச் சொல், மறுக்கிறதா பார். இப்படி நூற்றுக்கணக்கில் எழுதி வைத்துவிட்டால், பெட்டியில் கைவைக்கும் ஒவ்வொரு தடவையும் எந்திரமே அத்தனை சோதனையையும் ஓட்டும். 1997-ல் அவரும் எரிக் காமா என்பவரும் விமானத்தில் போகும்போதே, ஜாவா என்ற மொழிக்கும் இப்படி ஒரு கருவி எழுதினார்கள். எல்லாம் சரி என்றால் பச்சைக் கோடு. ஒன்று தவறினாலும் சிவப்புக் கோடு!

சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1996-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி ஐரோப்பாவின் ஏரியன்-5 ராக்கெட் முதல்முறையாகப் புறப்பட்டது. சுமார் 40 வினாடியில் வெடித்துச் சிதறியது. காரணம், பழைய ராக்கெட்டில் நன்றாக வேலை செய்த புரோகிராம் துண்டு ஒன்றை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். புது ராக்கெட்டின் வேகம் அதிகம். அந்த எண் அதற்கு ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை. புது ராக்கெட்டின் பாதையை வைத்து அந்தத் துண்டைச் சோதிக்கவில்லை!

சோதனைக்கும் எல்லை உண்டு. மாதிரிச் சிப்பி நன்றாக இருந்தால், பார் முழுவதும் நன்றாக இருக்கும் என்று ஊகிக்கலாம். உறுதி சொல்ல முடியாது. அதுபோல, எழுதாத சோதனை பிடிக்காத தப்பு எங்காவது ஒளிந்திருக்கலாம். அதனால்தான் ஒவ்வொரு தப்பு அகப்படும்போதும் அதற்கென்று புதுச் சோதனை ஒன்றை எழுதிச் சேர்க்கிறார்கள். ஒருமுறை பிடித்த கள்ளன் மறுமுறை அதே வழியில் நுழையக் கூடாது!

காலம் கொடுத்த தீர்ப்பு

யுத்த காலத்தில் டூரிங் செய்த வேலை 1970-களில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அவரைத் தண்டித்த சட்டம் இங்கிலாந்தில் 1967-ல் தளர்ந்தது. வெள்ளையர் விட்டுப்போன அதே மாதிரிச் சட்டத்தை, இந்திய சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் செல்லாததாக்கியது. வயது வந்தவர்கள் மனமொத்து வாழ்வது குற்றம் அல்ல என்று தீர்ப்புச் சொன்னது.

2009-ல் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன், டூரிங்குக்கு இழைத்த கொடுமைக்காக மன்னிப்புக் கேட்டார். 2013-ல் ராணி எலிசபெத் அவருடைய தண்டனையை நீக்கினார். 2021-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி, அவருடைய பிறந்த நாளில், டூரிங் படம் போட்ட 50 பவுன் நோட்டு வெளிவந்தது.

கம்ப்யூட்டர் துறையின் மிக உயர்ந்த பரிசுக்கு டூரிங் பரிசு என்று பெயர். 1966 முதல் கொடுத்து வருகிறார்கள். பெட்டி முறையைக் கண்ட டால், நைகார்ட் இருவரும் 2001-க்கான பரிசைப் பெற்றார்கள். அவர்களுக்கு முன்பே, 1994-ல் அந்தப் பரிசைப் பெற்றவர்களில் ஒருவர் ராஜ் ரெட்டி. அவர் அன்றைய சென்னை ராஜதானியின் சித்தூர் ஜில்லாவில் பிறந்து, சென்னை கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர்!

தாயின் பிறந்த மண்ணை டூரிங் பார்க்கவில்லை. ஆனால் இன்று சென்னையிலும் கோவையிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும், புரோகிராம் எழுதுவதையும் அதைச் சோதிப்பதையுமே தொழிலாகக் கொண்டு குடும்பம் நடத்துகிறார்கள்.